எழுதிவைத்த மரணங்கள்

பாரிஸ் நகரில் 1668ஆம் ஆண்டு ஒரு வைத்திய நூல் அச்சாகி வெளிவந்தது. கர்ப்பிணிகளுக்கும் பிள்ளை பெற்ற ஸ்திரீகளுக்கும் நேரும் வியாதிகளைப் பற்றியது என்று தலைப்பிலேயே அறிவித்துக்கொண்ட அந்தப் பருத்த புத்தகத்தை எழுதியவர் பிரான்ஸுவா மோரிஸோ என்னும் ரணவைத்தியர். அவருக்கு அப்போது வயது 31. பிரசவ வைத்தியத்தின் சரித்திரத்தை எழுதுகிறவர்கள், அந்நூலில் உள்ள சித்திரங்களையும், அதில் விளக்கமாகச் சொல்லப்பட்ட சில கைமுறைகளையும், பழைய ஆசிரியர்களின் தவறான கொள்கைகள் சிலவற்றை அது துணிந்து மறுத்ததையும் எடுத்துக்காட்டி அவரைப் புகழ்வது வழக்கம். அவையெல்லாம் புகழத் தக்கவையே. ஆயினும், தம் தொழிலில் பெற்ற வெற்றிகளை ஊரறியப் பறைசாற்றுவதும், தோல்விகளை நோயாளியின் தலைவிதியோடு சேர்த்துப் புதைத்துவிடுவதும் வைத்தியர்களின் பொது வழக்கமாக இருந்த ஒரு காலத்தில், தம் கண்ணெதிரே இறந்த தாய்மாரையும், தம் கையால் எடுத்தும் பிழைக்காத சிசுக்களையும் தேதியும் காரணமும் குறித்து எழுதி அச்சேற்றிய அந்தச் சிரத்தையே மோரிஸோ செய்த பெரிய காரியம் என்று எனக்குத் தோன்றுகிறது.

அவருடைய பிறப்பே ஒரு வைத்தியக் குறிப்பாக அவர் எழுத்தில் இடம்பெற்றிருக்கிறது. 1637இல் அவர் தாயின் வயிற்றில் நிறைமாதக் கருவாக இருந்தபோது, வீட்டின் மூத்த பிள்ளைக்கு வைசூரி கண்டது. தாய் தன் நிலைமையையும் பாராமல் அந்தப் பிள்ளையின் கூடவே இருந்து பணிவிடை செய்தாள், பிள்ளை பிழைக்கவில்லை. அது இறந்த மறுநாள் அவளுக்குப் பிரசவமாயிற்று. பிறந்த சிசுவின் உடம்பில் ஐந்தாறு வைசூரிக் கொப்புளங்கள் அப்போதே இருந்தனவாம். கருப்பைக்குள் இருக்கும் சிசுவையும் தாய்வழியே தொற்று எட்டும் என்பதற்கு அதை ஓர் அத்தாட்சியாகச் சொல்கிறார் மோரிஸோ. வேறொருவராயின், சாவும் பிறப்பும் அடுத்தடுத்த நாளில் வந்த அந்த வீட்டைப் பற்றி ஒரு பக்கம் உருகியிருப்பார். இவர் கொப்புளங்களை எண்ணிச் சொல்லிவிட்டு மேலே போய்விடுகிறார்.

அக்காலத்துப் பிரான்ஸில் வைத்தியர் வேறு, ரணவைத்தியர் வேறு. வைத்தியர்கள் பல்கலைக்கழகத்தில் லத்தீன் பயின்று, நீண்ட அங்கி தரித்து, நோயாளியை அதிகம் தொடாமலே மருந்து சொல்லும் பண்டிதர்கள். ரணவைத்தியர்களோ கையால் வேலை செய்கிறவர்கள், அந்த ஒரு காரணத்தாலேயே தாழ்ந்தவர்கள். மோரிஸோவின் இளமைப் பருவத்தில், பாரிஸ் ரணவைத்தியர் சங்கம் நாவிதர் சங்கத்தோடு இணைக்கப்பட்டு, வைத்திய பண்டிதர்களோடு நடந்த வழக்கில் தோற்று, மதிப்பிழந்து நின்றது. இவ்விரு வகுப்பாருக்கும் அப்பால், பிரசவ அறைக்கு உரியவளாக மருத்துவச்சி இருந்தாள். 1601இல் ராணி மரீ தெ மெதிசியின் தலைப்பிரசவத்தை நடத்திய லூயீஸ் பூர்ஷ்வா என்ற மருத்துவச்சி 1609இலேயே நூல் எழுதிப் பிரசித்தி பெற்றிருந்தாள். ஆண்மகன் அவ்வறைக்குள் அழைக்கப்படுவது பெரும்பாலும் காரியம் மிஞ்சிப்போன பிறகுதான். செத்த சிசுவைக் கொக்கியிட்டு இழுத்தெடுப்பதற்கே அவன் வருவான் ஆதலால், ரணவைத்தியனின் தலை வாசலில் தெரிந்தாலே பேறுகால வேதனையில் இருந்தவள், யமன் வந்துவிட்டதாக நடுங்கினாள் என்றால் அதில் ஆச்சரியமில்லை.

இந்த நிலை மோரிஸோவின் வாழ்நாளிலேயே மாறத் தொடங்கிற்று. பதினான்காம் லூயி மன்னன் தன் அரண்மனைப் பிரசவங்களுக்கு ரணவைத்தியரை அழைத்தான்; 1682இல் பட்டத்து இளவரசனின் மனைவிக்குப் பிரசவம் பார்த்தவர் ழூல் கிளெமான் என்ற ரணவைத்தியர். அரசன் செய்ததைப் பிரபுக்களும், பிரபுக்கள் செய்ததை வசதியுள்ள வர்த்தகர்களும் செய்ய வெகுகாலம் ஆகவில்லை. மோரிஸோவுக்கு அரண்மனைப் பதவி எதுவும் வாய்க்கவில்லை. நகரத்துக் குடும்பங்களிடையேதான் அவருடைய தொழில் நடந்தது.

அவர் தொழில் கற்ற இடம், நோத்ர்-தாம் தேவாலயத்தின் அருகே ஸேன் நதிக்கரையில் இருந்த ஓத்தேல் தியூ என்னும் தர்ம ஆஸ்பத்திரி. ஏழைகளும், கைவிடப்பட்டவர்களும், சொல்லிக்கொள்ளப் புருஷன் பெயர் இல்லாதவர்களும் பிள்ளை பெறுவதற்கு வந்து சேர்ந்த இடம் அது; ஒரே கட்டிலில் இரண்டு மூன்று பேர் நெருக்கிப் படுத்திருப்பது அங்கே சர்வசாதாரணம். பிரசவக்கூடம் தலைமை மருத்துவச்சியின் ஆட்சியில் இருந்தது. பயிற்சிக்காக உள்ளே நுழைய ரணவைத்தியருக்கு அனுமதி கிடைப்பது அரிது. 1664இல் அங்கே பிள்ளை பெற்றவர்கள் ஜன்னி கண்டு ஒருவர்பின் ஒருவராக மடிந்தபோது, பிரசவக்கூடம் ரணப்பட்டவர்கள் கிடந்த கூடத்திற்கு நேர் மேலே இருப்பதுதான் காரணம் என்று அவ்வாஸ்பத்திரி வைத்தியர் ஒருவர் ஊகித்தார். ரணத்தின் விஷம் காற்றில் ஏறுகிறது என்பது அவர் எண்ணம். அது காற்றில் ஏறவில்லை, கையில் ஏறிற்று என்று வியன்னாவில் ஸெம்மல்வைஸ் காட்டுவதற்கு 1847 வரையில் உலகம் காத்திருக்க வேண்டியிருந்தது. ஆயினும், ரணத்திற்கும் பிரசவ ஜன்னிக்கும் ஏதோ சம்பந்தம் உண்டு என்ற அளவுக்கு அந்தப் பாரிஸ் ஊகம் வாசல் வரைக்கும் வந்துவிட்டது.

அந்த ஆஸ்பத்திரியில் மோரிஸோ கண்ட ஒரு சாதாரணக் காட்சி, பழைய சாஸ்திரக் கொள்கை ஒன்றை அசைத்துவிட்டது. பிரசவ காலத்தில் சிசுவுக்கு வழிவிடுவதற்காக இடுப்பின் முன்னெலும்புகள் பிரிந்து அகலுகின்றன என்பது கிரேக்க காலந்தொட்டு வந்த நம்பிக்கை. பதினாறாம் நூற்றாண்டின் மகா ரணவைத்தியரான அம்புருவாஸ் பாரே, முதலில் இதை நம்பாதவராக இருந்து, பிள்ளை பெற்றுச் சில நாளில் தூக்கிலிடப்பட்ட ஒருத்தியின் சவத்தை 1579இல் சோதித்தபோது எலும்புகள் விலகியிருக்கக் கண்டு தம் அபிப்பிராயத்தை மாற்றிக்கொண்டார். பாரேயின் வாக்கை மறுப்பதற்கு அந்நாளில் யாருக்கும் துணிவு வராது. மோரிஸோ மறுத்தார். ஓத்தேல் தியூவில் பெண்கள் பிரசவிப்பது கணப்பு மூட்டிய ஒரு தனிச் சிற்றறையில். பிரசவம் முடிந்த சற்று நேரத்தில் அவர்கள் எழுந்து, கூடத்தில் உள்ள தங்கள் கட்டிலுக்கு, அது எட்டத்தில் இருந்தாலும், கால்நடையாகவே போய்ச் சேர்ந்தார்கள். இடுப்பெலும்பு பிரிந்தவள் எப்படி நடப்பாள் என்பது அவர் கேள்வி. பிற்கால ஆராய்ச்சி இருவருக்கும் நடுவில் தீர்ப்புச் சொன்னது. கர்ப்ப காலத்தில் அவ்வெலும்புகளைப் பிணைக்கும் நார்கள் நெகிழ்ந்து சிறிதளவு இடம் தருவது உண்மையே. ஆனால், சவத்தைப் பார்த்து முடிவு கட்டிய ஆசிரியருக்கு எதிரே, பிள்ளை பெற்றுவிட்டு நடந்துபோகும் ஏழைப் பெண்ணைச் சாட்சியாக நிறுத்திய அந்த நியாயம் எனக்குப் பிடித்திருக்கிறது.

ஏழாம் மாதப் பிள்ளை தங்கும், எட்டாம் மாதப் பிள்ளை தங்காது என்ற நம்பிக்கையையும் அவர் இப்படியே தள்ளினார். நிறைமாதத்தை நெருங்க நெருங்கச் சிசுவுக்கு வலு கூடுகிறதேயன்றி இடையில் ஒரு மாதம் ஏன் குறைய வேண்டும் என்று கேட்டார். அந்த நம்பிக்கை அவரோடு ஒழிந்துவிடவில்லை. நம் வீடுகளில் இன்றைக்கும் அதைச் சொல்லும் பெரியவர்கள் இருக்கிறார்கள்.

நம் மருத்துவக் கல்லூரி மாணவர்கள் மோரிஸோவின் பெயரை அறிவது பரீக்ஷைக்காக மனப்பாடம் செய்யும் ஒரு மூவர் பெயர்த்தொடரின் முதற்பெயராகத்தான்: மோரிஸோ, ஸ்மெல்லி, வைட். தலை முன்னே வராமல் காலோ பிட்டமோ முன்னே வரும் பிரசவத்தில், உடல் முழுதும் வெளியே வந்த பிறகு தலை மட்டும் உள்ளே சிக்கிக்கொள்வது உண்டு. முகவாய் மேல்நோக்கி எழும்பியிருந்தால் தலையின் மிக அகலமான விட்டம் குறுக்கே நின்றுவிடும். அதற்குள் தொப்புள்கொடி தலைக்கும் எலும்புக்கும் நடுவே நசுங்கிவிடுமாதலால், கையில் இருப்பவை சில நிமிஷங்களே. பதற்றத்தில் உடலைப் பிடித்து இழுத்தவர்கள் தலையை உள்ளே விட்டுவிட்டு உடலை மட்டும் எடுத்த கோரங்கள் அந்தக் கால நூல்களில் ஏராளம். மோரிஸோவின் முறையோ, சிசுவை வைத்தியரின் முன்கைமீது குப்புறக் கிடத்தி, அந்தக் கையின் விரலை அதன் வாய்க்குள் கொடுத்து, முகவாயை மார்போடு படியும்படி மெல்லத் தாழ்த்தி, மற்றக் கையின் விரல்களைத் தோள்களின்மேல் கொக்கிபோலப் போட்டு இழுப்பது. விரலை வாய்க்குள் கொடுக்காமல் கன்ன எலும்புகளின்மேல் வைப்பது பிற்காலத் திருத்தம். மற்றப்படி 350 ஆண்டுகளாக அந்தக் கைகள் இருக்கும் இடத்திலேயே இருக்கின்றன. இதில் உள்ள அறிவு, பலத்தை எங்கே செலுத்தக் கூடாது என்று கண்டதுதான். இழுக்கும் கையைவிடத் தாழ்த்தும் விரலே அங்கே பிரதானம்.

பிரசவ நாற்காலியை விலக்கி, தலையும் மார்பும் சற்று உயர்ந்திருக்கக் கட்டிலில் படுத்தபடியே பிரசவிக்கச் செய்ததும் அவருடைய நூலின் செல்வாக்குதான் என்பார்கள். பிள்ளை பெற்றவளை மறுபடியும் தூக்கி மாற்ற வேண்டியதில்லை என்பது அவர் சொன்ன காரணம். அது உண்மையான காரணமே. ஆனால், உட்கார்ந்தும் குந்தியும் நின்றும் பெற்ற பெண்கள் பூமியின் இழுப்பையும் தங்களுக்கு உதவியாகக் கொண்டிருந்தார்கள்; மல்லாந்து படுத்ததில் சௌகரியம் அதிகம் அடைந்தவர் எதிரே நின்ற வைத்தியர் என்று இந்நாளில் எழும் குறையில் நியாயம் இல்லாமல் இல்லை. கர்ப்பத்தையே ஒன்பது மாத வியாதியாக எண்ணிய ஒருவர் அதற்குக் கட்டில் போட்டது பொருத்தந்தானே!

இனி, அந்த 1668ஆம் ஆண்டுப் புத்தகத்திலேயே உள்ள ஒரு பகுதியைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெருக்கெடுத்த உதிரப்போக்கைப் பற்றிய அத்தியாயத்தில், சாஸ்திர விளக்கத்தின் நடுவே, மோரிஸோ தம் சொந்தத் தங்கையின் சாவை எழுதுகிறார். அவளுக்கு இன்னும் 21 வயது நிரம்பவில்லை, வயிற்றில் ஐந்தாவது பிள்ளை, எட்டரை மாதம். முழங்கால் தரையில் படும்படி ஒருநாள் கால் தவறி விழுந்தாள். முதலில் அது பெரிதாகத் தோன்றவில்லை. பின்பு உதிரம் கண்டு, பெருகி, அடங்காமல் போயிற்று. மருத்துவச்சிக்கு மிஞ்சியதும், நகரில் பெரும்பேர் பெற்ற ஒரு ரணவைத்தியரை அழைத்தார்கள். அவர் வந்து பார்த்து, இனி நம்பிக்கையில்லை, கடைசிச் சடங்குகளுக்குச் சொல்லியனுப்புங்கள் என்ற பாங்கில் பேசிவிட்டுக் கை வைக்காமலே விலகினார். சாகப்போகிறவளைத் தொட்டால் சாவு தம் பேரில் விழும் என்ற பயம் அவரைத் தடுத்ததென்று மோரிஸோ நினைக்கிறார். பிந்தி வந்து சேர்ந்த மோரிஸோ, உடன்பிறந்த பாசத்தால் முதலில் கை நடுங்கித் தயங்கியவர், வேறு யாரும் முன்வராதது கண்டு தாமே பிரசவத்தை முடித்தார். குழந்தை வெளியே வந்தது. ஆனால் தங்கையின் உடம்பில் உதிரம் மிச்சமில்லை. அறிவு தெளிந்திருக்கவே அவள் இறந்தாள். இதை எழுதும்போது தம் பேனாவில் உள்ள மை தமக்கு இரத்தமாகத் தோன்றுகிறதென்றும், பிறருக்கு உதவும் என்பதற்காகவே எழுதுவதாகவும் அவர் சொல்கிறார். உணர்ச்சியை வெளியிட்டுக்கொள்ளாத அந்த ஆசிரியர் அப்படிச் சொல்லும் இடம் இது ஒன்றுதான் என்று எண்ணும்படி இருக்கிறது.

அவர் அதிலிருந்து வகுத்த விதி தெளிவானது. பேறுகாலத்திற்கு முன் உதிரம் பெருக்கெடுத்தால் வேதனை வரட்டும் என்று காத்திராமல், பனிக்குடத்தை உடைத்து, வேண்டுமாயின் கையைச் செலுத்திக் காலைப் பிடித்துச் சிசுவைத் திருப்பி எடுத்துவிட வேண்டும். கருப்பை காலியானால்தான் சுருங்கும், சுருங்கினால்தான் உதிரம் நிற்கும். விதி சரி, காரணத்தில் பிழை இருந்தது. நஞ்சு மேலேயிருந்து கழன்று வாயில் வந்து விழுந்திருப்பதாக அவர் நம்பினார். அது தொடக்கத்திலிருந்தே கருப்பையின் வாயை மூடிக்கொண்டு அங்கேயே ஒட்டி வளர்ந்திருக்கிறது என்பதைத் தம் கையால் தடவிக் கண்டு எழுதியவர், அதே பாரிஸில் அதே தொழில் செய்த போல் போர்த்தால் (1685). தன் வீட்டுத் துக்கத்திலிருந்து ஒருவர் கற்ற பாடத்தின் மறுபாதியைப் பக்கத்துத் தெருக்காரர் கற்றுச் சொல்ல நேர்வதும் சாஸ்திரத்தில் உண்டு.

தம் பிழைகளை மோரிஸோ லேசில் ஒத்துக்கொள்ளும் சுபாவத்தினர் அல்லர். 1669இல் பெனுவா வஸால் என்ற ரணவைத்தியர், திடீரென்று இறந்த ஒரு ஸ்திரீயின் சவத்தில் கருக்குழலில் வளர்ந்து வெடித்த கருவைக் கண்டு வெளியிட்டபோது, அதன் சித்திரத்தைத் தம் நூலில் சேர்த்துக்கொண்ட மோரிஸோ, அது குழலே அன்று, கருப்பையின் ஒரு பகுதி பிதுங்கியதே என்று கடைசிவரை வாதாடினார். வாதம் தவறு, ஆனால் சித்திரம் இருந்தது. பிறர் பார்த்துத் தம்மை மறுப்பதற்கு வேண்டியதையும் அவரே அச்சிட்டுக் கொடுத்திருந்தார். சக வைத்தியர்களைக் கண்டிக்கும்போது அவர் வார்த்தைகள் நிர்த்தாக்ஷிண்யமானவை; மருத்துவச்சிகளின் அறியாமையைப் பற்றி எழுதத் தொடங்கினால் நிறுத்த மாட்டார், அவர்களிடமிருந்து தாம் கற்றது எவ்வளவு என்பதை மட்டும் மறந்துவிடுவார். கர்ப்பிணிகளின் உடம்பிலிருந்து இரத்தம் வாங்குவதில் அவருக்கு இருந்த நம்பிக்கை, படிக்கிற நமக்குத் தலைசுற்றலை உண்டாக்கும்.

1694ஐ ஒட்டி வெளிவந்த அவருடைய மற்றொரு நூல், ஏறத்தாழ 700 பிரசவ விருத்தாந்தங்களின் தொகுப்பு; 1708இல், அதாவது இறப்பதற்கு முந்தின ஆண்டில், மேலும் 150ஐ அதோடு சேர்த்தார். ஒவ்வொன்றும் ஒரே அச்சில் வார்த்ததுபோல் தொடங்கும்: இன்ன வருஷம், இன்ன மாதம், இன்ன தேதி, இன்ன வயதுடைய ஒரு ஸ்திரீ. பெயர்கள் பெரும்பாலும் இல்லை. சிலவற்றில் எல்லாம் சுகமாக முடிகிறது. பலவற்றில் சின்ன உயிர் போகிறது. சிலவற்றில் இரண்டும் போகின்றன. யாருடைய தவறு என்று தமக்குத் தோன்றுவதைச் சொல்கிறார். பெரும்பாலும் தமக்கு முன் வந்தவருடைய தவறாகவே அது இருக்கிறது என்பதை நாம் ஒரு புன்னகையோடு கவனிக்கலாம். ஆயினும் இத்தனை விருத்தாந்தங்களை வரிசையாக வைத்தபோது, எந்தத் தனிச் சம்பவமும் காட்டாத சில உண்மைகள் தாமே தலைதூக்கின. இசிவு கண்டு நினைவிழக்கும் ஆபத்து தலைச்சன் பிரசவத்தில் அதிகம் என்றும், பிரசவத்திற்கு முன்னால் வரும் இசிவு பின்னால் வருவதைவிடக் கொடியது என்றும் அவர் எழுதியது அப்படிக் கண்டதுதான். இரத்த அழுத்தம் என்பதை அளக்கும் கருவியும் இல்லை, அப்படி ஒன்று உண்டு என்ற எண்ணமே இல்லை. இருந்தது குறிப்புப் புத்தகம் ஒன்றே.

அந்தப் புத்தகத்தில் ஒரு விருத்தாந்தம் 1670ஆம் வருஷம் ஆகஸ்டு மாதத்தைச் சேர்ந்தது. 38 வயதான ஒரு குட்டையான ஸ்திரீ, தலைப்பிரசவம், இடுப்புக்கூடு மிகக் குறுகிக் கோணியிருந்தது. வேதனை தொடங்கிப் பல நாளாகிவிட்டது. மோரிஸோ சோதித்தார், கையே உள்ளே நுழையவில்லை. கை நுழையாத இடத்தின் வழியே பிள்ளை வராது என்று சொல்லிவிட்டார். அந்தச் சமயத்தில் லண்டனிலிருந்து ஹியூ சேம்பர்லன் என்ற வைத்தியர் பாரிஸுக்கு வந்திருந்தார். எப்படிப்பட்ட சிக்கலான பிரசவத்தையும் கால் மணிக்கும் குறைவான நேரத்தில் முடிக்கும் ரகசியம் தம் குடும்பத்திடம் இருக்கிறதென்றும், 10,000 எக்யூ கொடுத்தால் அதைப் பிரெஞ்சு அரசுக்கு விற்கத் தயார் என்றும் மன்னரின் தலைமை வைத்தியரிடம் பேசிக்கொண்டிருந்தார். மோரிஸோ அவரை இந்த ஸ்திரீயிடம் அழைத்துப்போனார். இதில் சோதிக்கும் எண்ணம் கலந்திருந்தது என்பதை மறைக்க முடியாது. சாகும் நிலையிலிருந்த ஒருத்தி இரண்டு ஆண்களின் போட்டிக்குக் களமானாள் என்று சொன்னாலும் பொருந்தும். சேம்பர்லன் உடனே முடித்துவிடுவதாகச் சொல்லித் தொடங்கினார். மூன்று மணி நேரத்திற்கு மேல் மூச்சுவிடாமல் போராடினார். களைத்து, முடியாது என்று ஒப்புக்கொண்டார். மறுநாள் அந்த ஸ்திரீ பிள்ளையை வயிற்றில் வைத்தபடியே இறந்தாள். சவத்தை அறுத்துப் பார்த்த மோரிஸோ, கருப்பை பல இடங்களில் கிழிந்தும் துளைபட்டும் இருந்ததை எழுதுகிறார்.

பேரம் கலைந்தது, சேம்பர்லன் லண்டனுக்குத் திரும்பினார். திரும்பும்போது அவர் கையில் மோரிஸோவின் புத்தகம் இருந்தது. அதை அவரே ஆங்கிலத்தில் பெயர்த்து 1672இல் வெளியிட்டார். இங்கிலாந்தில் ஒரு தலைமுறைக்கு மேல் அதுதான் பாடநூல். அதன் முன்னுரையில், கொக்கியில்லாமலே தலையை எடுக்கும் வழி தமக்கும் தம் தந்தைக்கும் சகோதரர்களுக்கும் தெரியும் என்றும், அவர்கள் அதைக்கொண்டு பிழைப்பு நடத்துவதால் அதை வெளியிடத் தமக்கு உரிமையில்லை என்றும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டார். அந்த ரகசியம், நம் ஊரில் ‘ஆயுதம் போட்டு எடுத்தது’ என்று சொல்கிறோமே, அந்த ஆயுதந்தான். 1569இல் மத விரோதத்திற்கு அஞ்சிப் பிரான்ஸைவிட்டு ஓடிய ஒரு புராடஸ்டண்டு குடும்பம் சேம்பர்லன் குடும்பம். அதில் தோன்றிய அந்த உபாயத்தை நூறு வருஷத்திற்கு மேல் வெளியார் கண்ணில் படாமல் வைத்திருந்தார்கள். எஸெக்ஸில் உட்ஹாம் மார்ட்டிமர் என்ற ஊரில் அவர்களுக்குச் சொந்தமாக இருந்த வீட்டின் பலகைத் தளத்தின் அடியில் அந்தக் கருவிகள் 1813இல் கிடைத்தன. மோரிஸோவும் கருவி செய்தவர்தாம். இறந்த சிசுவின் தலையை எடுப்பதற்கு அவர் கண்ட சாதனம் சேம்பர்லனுடையதற்குப் பக்கத்தில் வைக்கத் தகுதியற்றது. ஆனால் அதன் படம் அவர் நூலில் இருக்கிறது. எந்தக் கொல்லனும் பார்த்துச் செய்துகொள்ளலாம். பிழைப்புக்காக ரகசியம் காத்தவரை நான் அதிகம் திட்ட விரும்பவில்லை. அந்நாளில் எல்லாத் தொழிலும் அப்படித்தான் இருந்தது. அப்படி இருந்தபோது ஒருவர் வேறுவிதமாக நடந்துகொண்டார் என்பதே கவனிக்கத் தக்கது.

அந்த ஆகஸ்டு மாதத்து ஸ்திரீயின் வயிற்றைக் கீறி எடுத்திருக்கலாமே என்ற கேள்வி எழும். மோரிஸோ அதற்கு உடன்படவில்லை. உயிரோடிருக்கும் தாயின் வயிற்றைக் கீறுவது அவளைக் கொல்வதற்கு ஒப்பு என்பது அவருடைய உறுதியான அபிப்பிராயம். கத்தோலிக்க நாட்டில் அது லேசாகச் சொல்லக்கூடிய வார்த்தை அன்று. ஞானஸ்நானம் பெறாத சிசுவின் ஆன்மா கதியற்றுப் போகும் என்று நம்பிய சமூகம், பெரிய உயிரைப் பணயம் வைத்தாவது சின்ன உயிரின்மேல் தீர்த்தம் பட வேண்டும் என்று கேட்கக் கூடியது. அதற்கு மோரிஸோ ஒரு வழி சொன்னார்: வளைந்த குழாய் பொருத்திய ஒரு பீச்சாங்குழலால், கருப்பைக்குள்ளேயே சிசுவின்மேல் தீர்த்தத்தைச் செலுத்திவிடலாம். 1733இல் ஸோர்போன் பண்டிதர்கள் இதே விஷயத்தை ஆலோசித்து எழுதிய தீர்ப்பை, ஆங்கில நாவலாசிரியர் லாரன்ஸ் ஸ்டெர்ன் தம் டிரிஸ்ட்ரம் ஷாண்டியில் அப்படியே எடுத்துப்போட்டு உலகத்தைச் சிரிக்க வைத்தார். சிரிப்புக்கு இடம் இருக்கிறது. ஆனால், மதத்தின் கோரிக்கையைப் பீச்சாங்குழலால் நிறைவேற்றிவிட்டுத் தாயின் வயிற்றைக் கத்தியிலிருந்து காப்பாற்றுவதற்கு அதைவிடச் சாமர்த்தியமான வழி அந்தப் பாரிஸில் வேறு இருந்ததாகத் தெரியவில்லை.

அவருடைய மறுப்பு வெறும் பயத்தில் பிறந்ததன்று. 1581இல் பிரான்ஸுவா ரூஸே என்ற வைத்தியர், வயிற்றைக் கீறிப் பிள்ளையெடுத்த பின்னும் தாய்மார் பிழைத்த கதைகளைப் பிறர்வாயிலாகக் கேட்டுத் தொகுத்து, அச்சிகிச்சையைச் சிபாரிசு செய்து நூல் எழுதியிருந்தார். பாரேயின் சீடரான ழாக் கீய்மோவோ, தாம் அறிய நடந்த ஐந்து முறையும் தாய் இறந்தாள் என்று 1609இல் எழுதினார். வெற்றிக் கதைகளின் கட்டு ஒரு பக்கம், ஐந்து சாவுகள் மறுபக்கம். மோரிஸோ ஐந்தின் பக்கம் நின்றார். அவருக்குப் பின்னும் கணக்கு மாறவில்லை. 1787 முதல் 1876 வரையில் பாரிஸ் நகரில் நடந்த சிஸேரியன்களில் ஒரு தாயும் பிழைக்கவில்லை என்று பிரெஞ்சு பிரசவ வைத்தியர்களே எழுதியிருக்கிறார்கள். காரணம், கீறிய கருப்பையைத் தைக்கக் கூடாது, அது தானே சுருங்கி மூடிக்கொள்ளும் என்ற எண்ணம். மூடிக்கொள்ளாத வாய் வழியே உதிரமும் சீழும் வயிற்றுக்குள் இறங்கின. 1876இல் இத்தாலியில் போர்ரோ என்பவர் கருப்பையையே அகற்றி ஒரு தாயைப் பிழைக்க வைத்தார். கருப்பையைக் காப்பாற்றிக்கொண்டே தாயையும் காப்பாற்றும் தையல் முறையை 1882இல் லைப்ஸிக் நகரத்து மாக்ஸ் ஸேங்கர் வெளியிட்டபோது அவருக்கு 30 வயதுகூட ஆகவில்லை. அந்த முறையை வகுப்பதற்கு முன், அமெரிக்காவின் ஒதுக்குப்புற ஊர்களில் பெயர் தெரியாத வைத்தியர்கள் வெள்ளிக் கம்பியாலும் வேறு நூலாலும் தைத்துப் பார்த்த முயற்சிகளை, பிழைத்தவர்களையும் இறந்தவர்களையும் சேர்த்து, ஒவ்வொன்றாகத் தேடியெடுத்துப் படித்திருந்தார்.